ஒரு கை மட்டும் வீங்குகிறதா? லிம்பெடீமா என்றால் என்ன, ஏன் வருகிறது?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஓராண்டோ ஈராண்டோ ஆகியிருக்கும். முடி வளர்ந்தாச்சு, வேலைக்கும் திரும்பியாச்சு. தீபாவளிக்குப் புதுச் சேலை கட்டி வளையல் போடப் பார்த்தால், அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் மட்டும் ஏற மாட்டேங்குது. "எடை கூடிடுச்சு போல" என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொள்வார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

அது எடையாக இல்லாமல் போகலாம். எடை கூடினால் இரண்டு கையிலும்தானே கூடணும்?

உடலின் ஒரு பகுதியில் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கி, அதனால் வரும் நாள்பட்ட வீக்கத்துக்குப் பெயர் லிம்பெடீமா. பெயர் நமக்குப் புதிதாகத் தெரியலாம். ஆனால் இதன் முற்றிய வடிவம் ஒன்றை நம் தாத்தா பாட்டிகள் நன்றாக அறிவார்கள்: யானைக்கால்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரத்தம் குழாய்க்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நாள் முழுக்க நீரும் கொஞ்சம் புரதமும் வெளியே கசிகின்றன. அப்படிக் கசிந்ததை அள்ளி மறுபடியும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. தினமும் சில லிட்டர் நீர் இந்த வழியாகத் திரும்புகிறது. கழுத்தின் அடிப்பகுதியில் பெரிய நரம்புகளோடு, அதாவது சிரைகளோடு, போய்ச் சேர்கிறது.

இதைத் தள்ளுவதற்கு இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்கி விரியும், உள்ளே உள்ள சிறு வால்வுகள் நீரைப் பின்னால் விடாது, நாம் கைகாலை அசைக்கும்போது தசைகளும் பிழிந்து உதவும். வழியில் அக்குள், தொடையிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் வடிகட்டி போல் நிற்கின்றன. கணு போனாலோ குழாய் சேதமானாலோ நீர் தேங்கும். அதோடு புரதமும் தேங்குவதால் தோலுக்கடியில் அழற்சி உண்டாகி, நாளடைவில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து அந்த இடம் கெட்டியாகிவிடும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், இரவு படுத்து எழுந்தால் குறையும். பிறகு அதுவும் நடக்காது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மார்பகப் புற்றுநோய் முதலில் பரவக்கூடிய இடம் அக்குள் கணுக்கள். அதனால் அறுவை சிகிச்சையில் அவற்றையும் எடுக்க வேண்டி வரும். கதிர்வீச்சு கொடுத்தால் மிச்சமிருக்கும் குழாய்களும் தழும்பாகிவிடலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அக்குள் கணுக்களை முழுமையாக அகற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வந்திருக்கிறது. முதல் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களிடம் அது சுமார் 6 விழுக்காடுதான்.

இந்த வித்தியாசம் மலேசியாவுக்கு ரொம்ப முக்கியம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இங்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்தார்கள். நோய் விகிதத்தில் சீனப் பெண்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்கள் இந்தியப் பெண்கள். தாமதமாக வந்தால் அதிகக் கணுக்களை எடுக்க வேண்டியிருக்கும், கதிர்வீச்சும் தேவைப்படும். கருப்பை வாய், கருப்பை, புரோஸ்டேட் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு இதே கதை காலில் நடக்கலாம். சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து.

கொசுவின் பங்கு

உலக அளவில் பார்த்தால் பெரிய காரணம் புற்றுநோய் அல்ல, ஃபைலேரியா புழு. கொசு கடிக்கும்போது உள்ளே போகும் இந்தப் புழு, வளர்ந்து நிணநீர்க் குழாயிலேயே குடியிருக்கும். அதில் ஒரு வகையின் அறிவியல் பெயர் புருகியா மலாயி. ஆமாம், மலாயாவேதான். மலாய்மொழியில் இந்த நோய்க்கு 'உந்துட்' என்று பெயர். இதைப் பரப்பும் மன்சோனியா கொசுவின் புழுக்கள் நீர்த்தாவரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டு சுவாசிக்கும். அதனால் சதுப்பும் குளமும் அதற்கு வசதி. (பெயரிலேயே ஏரியைச் சுமக்கும் தாசேக் கெலுகோர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். இன்றைக்கு இங்கே ஒருவருக்குக் கை வீங்கினால் முதலில் கேட்க வேண்டியது கொசுவைப் பற்றி அல்ல, அவருக்கு நடந்த சிகிச்சையைப் பற்றி.) தமிழ்நாட்டில் பரவியது வேறு வகைப் புழு. அழுக்குத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைச் சுமந்தது.

நோய் எஞ்சியிருந்த பகுதிகளில் மலேசியா 2004 முதல் 2008 வரை கூட்டு மருந்து விநியோகம் நடத்தியது. இலங்கை ஃபைலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆனால் மருந்து புழுவைக் கொன்றாலும் பாழான குழாயைச் சரிசெய்யாது. ஏற்கெனவே வீங்கிய காலோடு வாழ்பவர்களுக்குப் பராமரிப்பு தொடர்ந்து தேவை.

இவை தவிர, பிறவியிலேயே நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாதவர்களும் உண்டு. அது அபூர்வம். அதிக உடல் பருமனும், திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்றும்கூடக் காரணமாகலாம். எந்த வகையானாலும் தொட்டால் ஒட்டாது.

என்ன செய்யலாம்?

முழுமையாகக் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்பதை நேராகவே சொல்லிவிடலாம். ஆனால் கட்டுப்படுத்த முடியும், சீக்கிரம் பிடித்தால் ரொம்பவே முடியும். பல அடுக்குக் கட்டு, அழுத்த உறை, தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி, பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. அந்த வடிப்பில் தோலை லேசாக நகர்த்துவார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் 'ஊருட்' என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீங்கிய கையை அப்படி உருவ விடாதீர்கள். நீர் பிரியும் மாத்திரையும் இதற்குத் தீர்வல்ல, தேங்கிய புரதத்தை அது எடுக்காது.

"அந்தக் கையில் எதையும் தூக்காதே" என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. கண்காணிப்போடு மெதுவாக எடை தூக்கும் பயிற்சி செய்த பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமாவதும் குறைந்தது. அதற்காக நாளைக்கே போய் அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுத் தொடங்கணும்.

நமது வெயிலில் அழுத்த உறையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பது லேசு இல்லை. கழற்றி வைத்துவிடுகிறவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அளவு சரியில்லையா, துணி ஒத்துக்கொள்ளவில்லையா என்று மறுபடி காட்டச் சொல்லுங்கள். "உயிர் பிழைச்சதே பெரிசு, கை வீக்கத்துக்கெல்லாமா போறது?" என்ற பேச்சுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. சட்டைக் கை நுழையாமல், சமைக்கும்போது கை கனத்துப்போய், கல்யாண வீட்டில் முந்தானையால் கையை மறைத்துக்கொண்டு இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடக்கப் போகிறது என்றால், அதற்கு முன்பே தையல் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து போனில் குறித்து வையுங்கள். பிறகு இரண்டுக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே காட்ட வேண்டும். தாசேக் கெலுகோரில் இருப்பவர்கள் அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பக்கத்துக் கெப்பாலா பத்தாஸில், பெர்தாமில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ மையம் புற்றுநோய் சிகிச்சை தரும் இடம்தான். கடிதம் கேட்கும்போது "கை வீக்கம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஆண்டு அறுவை சிகிச்சை, கணு எடுத்தார்களா, கதிர்வீச்சு உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். வீங்கிய இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. சிறு கீறலிலிருந்தோ கால்விரல் இடுக்குப் புண்ணிலிருந்தோ தொடங்கி வேகமாகப் பரவும், ஒவ்வொரு முறையும் மிச்சமுள்ள குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும். சனிக்கிழமை இரவானாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள்.