வங்கியின் நாணயம்

எம் காங்கேயத்தை அடுத்த படியூரில் அகழ்ந்தெடுத்த பெரில் என்னும் நீலப்பச்சைக் கற்களை ரோமர் விரும்பிக் கொண்டனர் என்பர் ஆராய்ச்சியாளர். கொங்கு நாட்டிற் கிடைத்துள்ள ரோமர் காசுப் புதையல்கள் அவ்வாணிகத்துக்குச் சான்றாம். அக்கால வணிகன் அயல்நாட்டுக் காசை நிறுத்தும் உரைத்தும் மதிப்பறியலாம். இக்காலத்துத் திருப்பூர் வணிகனோ, பின்னலாடையை டாலருக்கு விற்றுக் கூலியை ரூபாயிற் கொடுப்பவன்; இடைநின்று மாற்றித்தரும் வங்கியின் சொல்லையே நம்பியிருப்பவன்.

நாணயமாற்றில் ஒரு வங்கி உலக அரங்கில் முந்துவது எதனால்? 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9.6 இலட்சம் கோடி டாலர் அளவில் உலகச் செலாவணி வாணிகம் நடைபெற்றது. அதில் நூற்றுக்கு 38 பங்களவு பிரிட்டனுக்கு உரியது. பெரும்பகுதி இலண்டனில் நிகழ்வது. கொள்வோரும் விற்போரும் மிக்க அவ்விடத்தில், ஒருவரிடம் வாங்கியதை மற்றொருவர்க்கு நொடியில் விற்றுவிடலாம். அதனால் வங்கிக்கு இடர் குறையும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். இடைவெளி சுருங்கிய இடத்தையே வணிகர் மேலும் நாடுவர்.

பெருமுதலும் விரைந்த கணிப்பொறியும் இருந்தால் இதற்குப் போதும் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். 2007-இல் ரூபாயின் மதிப்பு உயர்ந்தபோது, வருவாய் சுருங்குமென அஞ்சிய திருப்பூர் ஏற்றுமதியாளர் பலர்க்கு வங்கிகள் சிக்கலான ஒப்பந்தங்களை விற்றன. டாலரில் ஈட்டுவோர், தமக்குத் தொடர்பற்ற சுவிஸ் பிராங்கு, யென் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுக்கு ஆளாயினர், 2008-இல் பெருநட்டமுற்றனர். இத்தகைய விற்பனைகளில் விதி மீறியமைக்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது.

கையொப்பமிட்டோர்க்கும் பொறுப்பில்லையோ எனின், உண்டு. ஆயினும் மருந்தின் தன்மை அறிந்தவன் மருத்துவனே அன்றோ? அறியாதான் கேட்டாலும் நஞ்சை அளிப்பது அவனுக்குத் தகுமோ?

2019 ஆகஸ்டு முதல், சிறு வணிகரும் சந்தை விலையை நேரே கண்டு டாலர் வாங்கவும் விற்கவும் ஒரு மின்வழி மேடை நம் நாட்டில் உளது. ஆண்டுச் சந்தை விலை வேறு, வங்கியின் கட்டணம் வேறு எனத் தெளியலாம். இதனை வங்கிகளே வாடிக்கையாளர்க்கு எடுத்துரைத்துப் பழக்குதல் வேண்டும். விலையறியாதவனிடம் மிகுதியாகப் பெற்று வளரும் வங்கி, விலை யாவர்க்கும் விளங்கும் இலண்டனிலே எங்ஙனம் போட்டியிடும்?

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரு பெயரே வழங்குகின்றது தமிழில். முன்னதை விற்பார் பின்னதை இழவாதிருத்தல் அவர்தம் தொழிற்கே முதல் என்பது எம் துணிபு.