கொடியில் ஏறிய விமானம்



நம் சங்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டு விழாவுக்குக் கொடிகள் தைக்க முற்பட்டபோது சென்ற திங்கள் ஒரு வழக்கு எழுந்தது. குத்துவிளக்கும் மயிலுமே போதும் என்றனர் பெரியோர். ஆகாய விமானமே வேண்டும் என்று ஒரே குரலாய் நின்றனர் பிள்ளைகள். "படிப்பை விட்டுப் பறப்பதற்கா?" என்று கடிந்துகொண்டார் ஒரு தந்தையார். இருப்புப்பாதையை நம்பிச் சோறுண்ணும் நாம் புகைவண்டிக்கன்றோ பரிந்து பேசியிருக்க வேண்டும்! எனினும் பிள்ளைகள் பக்கமே நியாயம் கண்டோம்.

விமானத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே தபால் கொணர்ந்து ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து அதனைப் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டு சென்றார் நெவில் வின்சென்ட். தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியதும் அதே 1932இல்தான். ஊர் விட்டு வந்தோர்க்குக் கடிதமும் கல்வியும் ஒரே ஆண்டில் சிறகு பெற்றன எனலாம்.

கல்விக்கூடங்கள் இத்தகைய சின்னங்களைப் போற்றுவது அமெரிக்காவில் பெருவழக்கு. அந்நாட்டு விமானப்படைக் கல்லூரியின் முதல் மாணவர்கள் 1955இல் இராஜாளியைத் தெரிந்தெடுத்தனர். பந்தாட்டத்தின்போது உயிருள்ள இராஜாளியையே மைதானத்தின்மேல் பறக்க விடுவர். ரைட் சகோதரர் வாழ்ந்த டேட்டன் நகரின் பல்கலைக்கழக ஆட்டக்காரர்க்குப் 'பறப்போர்' என்றே பெயர்.

ஆயின், சின்னம் தானாகவே ஊக்கம் தந்துவிடுமோ? சி. ராஜம் 1949இல் நிறுவிய குரோம்பேட்டை தொழில்நுட்பக் கல்லூரியில், பணி ஓய்ந்த இரண்டு விமானங்கள் பாடத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தன. இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் அவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்து, விமானப் பொறியியலையே தெரிந்துகொண்டார். பறவை பறக்கும் விதத்தைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று விளக்கிய சிவசுப்பிரமணிய ஐயர் முன்னரே அவர் மனத்தில் வித்து ஊன்றியிருந்தார். கல்லூரிக் கட்டணத்துக்காகத் தமக்கையார் சோகரா தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பின்னர் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக நின்று கலாம் வாய்ப்பிழந்தார். விமானி ஆகாதவர் ஏவுகணை செய்தார்; 2002இல் குடியரசுத் தலைவரும் ஆனார். பறவாத விமானம் வழி காட்டிற்று. நடத்திச் சென்றோர் ஆசிரியரும் தமக்கையுமே.

நம் விழாவுக்கும் இதுவே பாடம். பிள்ளைகளைப் பள்ளிவாரியாகப் பிரித்து அணிவகுத்தே இதுகாறும் ஆட விட்டோம். கட்டணப் பள்ளிப் பிள்ளைகள் புதுக் காலணியுடன் ஒருபுறம். தாராவியிலிருந்து வரும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலுடன் மறுபுறம். ஓடுமுன்னரே தோற்றவர் முகம் அவர்க்கு இருந்ததை நாம் கண்டும் வாளா இருந்தோம். அது நம் பிழை.

ஆதலின் இவ்வாண்டு விமானக் கொடி ஏறட்டும். ஆனால் அதன்கீழ் இருசாராரும் கலந்து ஓரணியாய் நிற்கட்டும். சட்டையும் காலணியும் சங்கச் செலவில் ஒன்றுபோல் அமையட்டும். கொடித் துணிக்கென ஒதுக்கிய பணம் போதாதெனில் கொடியைச் சிறிதாக்குவோம். காலணியைக் குறைக்க வேண்டா. தையல் அறிந்த தாய்மார் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வருக!