செத்த திமிங்கிலத்தோட காதை யாரு பார்ப்பா?

அகரத்துல உக்காந்துக்கிட்டு கடலைப் பத்தி எழுத வந்துட்டியான்னு கேப்பீங்க. திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் தூரம்தான், ஒத்துக்கறேன். ஆனா திமிங்கிலம் ஒதுங்கின படத்தைப் போட்டு "சுனாமி வரப்போகுது"ன்னு அடிச்சு விடறவங்க மட்டும் கடலுக்குள்ளயா குடியிருக்காங்க?

2016 ஜனவரி 11, 12 தேதிகளில் திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலையிலிருந்து மணப்பாடு வரை 80 பைலட் திமிங்கிலங்களுக்கு மேல் கரையேறின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துப்போய் ஆழத்தில் விட்டார்கள். அதிலும் சில திரும்பி வந்தன. 40க்கும் மேல் செத்துப்போக, குழி வெட்டிப் புதைத்தாச்சு. காரணம்? ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடலுக்கடியில் ஏதோ சத்தம் என்பதும் அதில் ஒன்று.

சத்தம்தான்னு நான் தீர்ப்பு எழுத மாட்டேன். 1973 ஜனவரியிலேயே இதே மணப்பாடு பக்கம் 147 ஒதுங்கியிருக்கு. என் சண்டை வேற. சத்தமா இல்லையான்னு கண்டுபிடிக்கணும்னா உள்காதைப் பார்க்கணும். அதிலுள்ள மயிரிழைச் செல்கள் செத்த சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பிச்சிடும். மண்ணுக்குள்ள போன பிறகு ஜோசியம்தான் பார்க்கணும். 2000 மார்ச்சில் பஹாமாஸில் அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கினப்போ தலையைப் பனிப்பெட்டியில் பத்திரப்படுத்தினாங்க. காதுப் பக்கம் ரத்தக்கசிவு இருந்தது தெரிஞ்சுது. அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படையே தன் சோனார்தான் காரணமா இருக்கணும்னு அறிக்கையில் ஒத்துக்கிச்சு.

காதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? கலங்கல் தண்ணியில கண்ணு எதுக்கு ஆகும்? மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் முதுகுத்துடுப்பு இல்லாத ஒரு கடல்பன்றி இருக்கு. டிக் டிக்குன்னு ஒலி விட்டு, எதிரொலியைக் கேட்டுத்தான் மீன் பிடிக்கும், வழி பார்க்கும். நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட நின்னுடும், அது பேசறதே 100க்கு மேல. தண்ணியில ஒலி நொடிக்கு 1500 மீட்டர் ஓடும், காத்துல ஓடறதைப் போல நாலு மடங்குக்கும் மேல. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுட்டு வந்தா ராத்திரி பூரா காது ஙொய்ங்னு அடைச்சுக்குமே, அதே கதைதான் அதுக்கும். நாம ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும். அதுக்கு அந்த ராத்திரி சோறு கிடையாது. திரும்பத் திரும்ப அடி விழுந்தா நிரந்தரச் செவிடு.

"வலையில சிக்கிச் சாவறதுதான்யா அதிகம்"னு ஒருத்தர் வருவார். உண்மைதான். அதுக்காக இதைப் பேசக் கூடாதா?

2005ல் சேதுத் திட்டம் தொடங்கினப்போ நம்ம ஆளுங்க பக்கம் பக்கமா எழுதினாங்க. ராமர் கட்டினாரா இல்லையான்னு ரெண்டு கட்சி. தோண்டற கப்பல் போடற சத்தம் கீழே இருக்கறவன் காதை என்ன பண்ணும்னு எந்தக் கட்சிக்கும் கவலை இல்லை. சட்டமும் அப்படித்தான். 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45னு கணக்கா சொல்லுது. எல்லாம் காத்துல வர்ற சத்தத்துக்கு! கடல்பன்றி வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு, புலிக்குச் சமானம். அதைக் கொன்னா ஜெயில், செவிடாக்கினா கேள்வி இல்லை.

இப்ப எதுக்கு இந்தப் புலம்பல்னா, 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ஒதுக்கிச்சு. அதில் 500 மெகாவாட் நம்ம கடலுக்கு. காற்றாலை வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனா கடலடியில ராட்சச இரும்புத் தூணைச் சம்மட்டியால அடிச்சு இறக்கினா அந்தச் சத்தம் பல கிலோமீட்டர் போகும். ஜெர்மனியில் 750 மீட்டர் தள்ளி 160 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க, கடல்பன்றியை மனசுல வச்சுத்தான். (தண்ணி டெசிபல் கணக்கு வேற, விதிகள்ல இருக்கற 55ஓட ஒப்பிட்டுடாதீங்க.) தூணைச் சுத்திக் காத்துக்குமிழித் திரை போட்டுச் சத்தத்தைக் குறைக்கறாங்க. அங்க முடியுது. இங்க ஒப்பந்தத்துல ரெண்டு வரி எழுதிச் சேர்க்க என்ன கேடு? முதல் தூண் இறங்கறதுக்கு முன்னாடி எழுதுங்கய்யா. அடுத்த தடவை மணப்பாட்டுல ஒதுங்கினா, ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி காதை எடுக்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர் ஒருத்தரை அனுப்புங்க.