சின்ன ரிவால்வருக்கும் காண்டோர் கழுகுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மலைப்பக்கம் போகிறவர்களில் சிலர், ராட்டில்ஸ்நேக் பாம்புக்குப் பயந்து, சின்ன ரிவால்வரில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பொடி ரவைத் தோட்டா வைத்திருப்பார்கள். அதை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்களும் உண்டு. ரவை பெரும்பாலும் ஈயம். சிக்கலே அங்கேதான்.

2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வனவிலங்கைச் சுட்டாலும் ரவையில் ஈயம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் நிரப்பியது என்றாலும் விடமாட்டார்கள். காரணம், காண்டோர் கழுகு. 1982-ல் உலகத்திலேயே மிச்சமிருந்தவை வெறும் 22. சுடப்பட்ட மானின் மிச்சத்தைத் தின்னும்போது ஈயத் துணுக்கும் உள்ளே போய், அந்த நஞ்சால்தான் அதிகம் சாகின்றன.

சரி, இரும்பு ரவை போட்டால்? ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்புக்கு 7.9 தான். எடை குறைவு என்பதால் வேகம் சட்டென இறங்கிடும். ரிவால்வர் குழலின் உள்வரிகள் சுழற்றிவிடுவதால் ரவை ஏற்கெனவே சிதறித்தான் போகும். சில அடி தூரத்துக்குத்தான் உருப்படியாக வேலை செய்யும். பிஸ்மத் (9.8) பரவாயில்லை, விலைதான் இடிக்கும்.

மான் வேட்டைக்காரருக்கும் பாம்புக்குப் பயந்தவருக்கும் ஒரே சட்டமா என்ற முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் செத்த பாம்பையும் ஏதோ ஒரு பறவை கொத்தத்தானே செய்யும்? (நாலடி தள்ளி நின்றால் பாம்பு தன் வழியில் போய்விடும் என்பது வேறு விஷயம்.) குறிபார்த்துப் பழக மட்டும் ஈயத்துக்கு இன்னும் தடையில்லை.