கல்லூரியில் உதவுவோர்க்கும் தகுதி வேண்டும்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் சிகிச்சை முடித்து வீடு திரும்பும் இளைஞர்களின் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றே: "மீண்டும் கல்லூரிக்கு அனுப்பலாமா?" பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, "அனுப்பலாம், அனுப்புங்கள்" என்பதே. தண்டுவடக் காயத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் செல்வோரும், வலிப்புக்கு நாள்தோறும் மருந்து உண்போரும், செவிக்கருவி அணிவோரும் பட்டம் பெற்றுப் பணியில் அமர்வதை நாங்கள் கண்டு வருகிறோம். ஆயினும் அடுத்து எழ வேண்டிய கேள்வியைச் சிலரே எழுப்புகின்றனர். கல்லூரியில் நம் பிள்ளைக்கு உதவப் போகிறவர் யார்? அப்பணிக்கு அவர் என்ன பயின்றிருக்கிறார்? இவ்வினாவைக் குடும்பங்கள் கேட்க வேண்டும் என்பதும், இதற்கு விடை சொல்லும் கடமை கல்லூரிகளுக்கு வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

சேர்க்கையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது; ஹீமோபிலியா, தலசீமியா, தசைச் சிதைவு நோய், மனநோய் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசின் உதவி பெறும் நிறுவனங்களும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. இடம் கிடைத்த பிறகு வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் விடுதியிலும் தேர்வுக் கூடத்திலும் என்ன நிகழ்கிறது என்பதில்தான் படிப்பு நிலைப்பதும் முறிவதும் இருக்கிறது.

பல கல்லூரிகளில் மாற்றுத்திறன் மாணவர்க்கான பொறுப்பு, ஏற்கெனவே முழுநேரம் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம் கூடுதல் பணியாக ஒப்படைக்கப்படுகிறது. அவர் அன்புடையவராகவே இருப்பார். ஆனால் அன்பு ஒன்றே வழிகாட்டும் இடத்தில் தீங்கும் நேரக்கூடும். சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம்.

தண்டுவடக் காயமுற்ற மாணவர் பலர் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை குழாயிட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலின் எடையை இருக்கையிலிருந்து தளர்த்த வேண்டும். தவறினால் அழுத்தப் புண் உண்டாகி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடும். காயம் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாம் நிலையிலோ அதற்கு மேலோ இருந்தால், சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதே இரத்த அழுத்தத்தைத் திடீரென உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். இவற்றை அறியாத ஒருவர், மூன்று மணி நேர ஆய்வக வகுப்பின் இடையே வெளியே செல்ல இசைவு கேட்கும் மாணவரை அக்கறையற்றவர் என எண்ணிவிடுவார். அறிந்தவர், கால அட்டவணை அச்சாகும் முன்னரே தூய்மையான, தாழிடத்தக்க ஓர் அறையை ஏற்பாடு செய்துவிடுவார்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், வாயில் நீர் ஊற்றுவதும், கைகால்களை அமுக்கிப் பிடிப்பதும் இன்றும் காணப்படும் வழக்கங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் இடாமல், நேரத்தைக் கணித்து, 5 நிமிடங்களைக் கடந்தால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதைக் கற்பிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால்தான் அது எல்லாப் பணியாளரையும் சென்றடையும்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறும் மாணவர் செய்தி இன்னும் நுட்பமானது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் நோய் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. பயிற்சி பெற்ற உதவியாளர் துறை ஆசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லமாட்டார். "காலை முதல் வகுப்பிற்கு வருவதில் இவருக்குத் தளர்வு தேவை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பயிற்சியற்றவர் இரக்கத்தினாலேயே அனைவரிடமும் சொல்லிவிடக்கூடும். ஒருமுறை பரவிய செய்தியைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

விதி இருந்தும் விதியை அறிந்தவர் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கு 2021ஆம் ஆண்டின் நீட் தேர்வு வழக்கு ஒன்று சான்று. டிஸ்கிராஃபியா எனும் எழுதுதல் குறைபாடுடைய மாணவி ஒருவருக்கு விதிப்படி உரிய ஒரு மணி நேரக் கூடுதல் நேரம் தேர்வு மையத்தில் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மறுதேர்வுக்கு ஆணையிட இயலாது எனக் கூறிய நீதிமன்றம், நேர்ந்த அநீதியைச் சரிசெய்யும் வழியை ஆராயுமாறு தேர்வு முகமையைப் பணித்தது. தேர்வுப் பணியாளர்க்கு இத்தகைய தேவைகள் குறித்து முறையாகப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பணியாளர் ஒருவரின் அறியாமையால் இழந்த ஒரு மணி நேரத்தை நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தாலும் அப்படியே திருப்பித் தர முடியவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

தகுதியை வரையறுப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. மாணவர் தாமே அழைத்துவரும் 'சொல்வதை எழுதுபவர்' மாணவரைவிடக் கல்வியில் ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் முதலானோர் 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பள்ளிகளில், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒருவரும், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவரும் எனச் சிறப்பு ஆசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் குறிப்பிட்டது. மூன்று மணி நேரத் தேர்வில் எழுதித் தருபவரின் தகுதியில் இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், மூன்றாண்டுப் படிப்பு முழுவதும் துணைநிற்பவரின் தகுதியில் அதே கவனத்தைச் செலுத்தவேண்டாமா?

நாங்கள் விரும்புவது மூன்று நிலைகளில் அமைந்த ஓர் ஏற்பாடு. முதல் நிலை, ஒருங்கிணைப்பாளர். இவர் சிறப்புக் கல்வி, மறுவாழ்வு அறிவியல், சமூகப் பணி ஆகியவற்றுள் ஒன்றில் பட்டமோ பட்டயமோ பெற்றவராகவும், சட்டத்தையும் தேர்வு விதிகளையும் அறிந்தவராகவும், இதனையே முதன்மைப் பணியாகக் கொண்டவராகவும் இருக்க வேண்டும். இரண்டாம் நிலை, தனித்திறன் உடையோர்: சைகை மொழிபெயர்ப்பாளர், பிரெய்ல் அறிந்தவர், திரைவாசிப்பான் போன்ற மென்பொருள்களைக் கற்பிக்கத் தெரிந்தவர். புதுதில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளர்க்கான பட்டயப் படிப்பை நடத்துகிறது. இத்தகைய தகுதி உள்ளோரையே கல்லூரிகள் அமர்த்த வேண்டும். மூன்றாம் நிலை, விடுதிக் காப்பாளர், ஆய்வக உதவியாளர், பேருந்துப் பணியாளர், தேர்வுப் பிரிவு அலுவலர் என ஏனைய அனைவரும். இவர்களுக்கு ஆண்டுதோறும் ஒருநாள் பயிற்சி போதும்.

இதற்கு மறுப்புகள் உண்டு; அவை புறந்தள்ளத் தக்கன அல்ல. சிறிய கல்லூரிகள் தனியொருவரை அமர்த்தப் பணத்திற்கு எங்கே போகும் என்பது ஒன்று. ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் சில சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பாளரைப் பகிர்ந்துகொள்ளலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. மறுவாழ்வுத் துறைப் பயிற்சிகளுக்கு அதனை நாடலாம். முதலுதவிப் பயிற்சியை அந்தந்த ஊர் மருத்துவமனைகளே அளிக்க இயலும்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. சான்றிதழ் இல்லாவிடினும் பட்டறிவு மிக்கவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக மாற்றுத்திறனாளிகளே பிறர்க்குச் சிறந்த வழிகாட்டிகள். தகுதி விதித்தால் அவர்கள் வெளியே தள்ளப்படுவர் என்கின்றனர். இதனை நாங்கள் முழுதும் ஏற்கிறோம். சக்கர நாற்காலியில் பட்டம் பெற்ற ஒருவர் அறிந்ததை எப்பட்டயமும் கற்பித்துவிடாது. ஆகவே வாழ்ந்து பெற்ற அறிவும் தகுதியாக எண்ணப்பட வேண்டும். அத்தகையோர் பணியில் சேர்ந்த பின் குறுகியகாலப் பயிற்சியைக் கல்லூரியின் செலவில் முடிக்க வாய்ப்பளிக்க வேண்டும். எனினும் ஒருவருடைய குறைபாடு பற்றிய அறிவு மற்றொருவருடைய குறைபாட்டிற்கு அப்படியே பொருந்தாது. பார்வையற்றவர் வலிப்புக்கான முதலுதவியையும், சக்கர நாற்காலியில் இருப்பவர் சைகை மொழியின் தேவையையும் கற்றுத்தான் அறிய வேண்டும்.

விதிகள் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கையின்போதே கல்லூரியிடம் சிலவற்றைக் கேளுங்கள். மாற்றுத்திறன் மாணவர்க்குப் பொறுப்பானவர் யார்? அவர் பெற்ற பயிற்சி யாது? அவர் விடுப்பில் சென்றால் யாரை அணுகுவது? எங்கள் பிள்ளையின் மருத்துவச் செய்திகளை யார் யார் பார்ப்பர்? தேர்வில் கூடுதல் நேரம் பெற எப்போது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? விடைகளை எழுத்தில் பெறுங்கள். உரிய விடை கிடைக்காவிடில், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடவும் வழியுண்டு.

எங்களிடமிருந்தும் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். குறைபாட்டின் விழுக்காட்டைச் சொல்லும் சான்றிதழ் இட ஒதுக்கீட்டிற்கு உதவும். வகுப்பறைக்கு அது போதாது. பிள்ளை ஒரே நிலையில் எவ்வளவு நேரம் அமரலாம், எம்மருந்து எந்நேரத்தில் சோர்வு தரும், எவ்வறிகுறி கண்டால் உடனே அழைக்க வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் ஒரு பக்கத்திற்குள் எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள். எவற்றை வெளியிடலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அக்கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு செயலாற்றத்தக்க ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.