முன்பக்கமா, பின்பக்கமா?

கோத்தகிரியிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு கப்பலின் வரைபடம். தட்டுத் தட்டாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கீழே ஒரு கேள்வி: "பாட்டிக்கு முன்பக்கம் கேபின் போடவா, பின்பக்கம் போடவா? நீதானே எல்லாத்தையும் தேடிப் படிக்கிற ஆள், சொல்லு."

நோட்டன் பிரிட்ஜில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்குத் தெரிஞ்ச பெரிய தண்ணி காசல்ரீயும் மவுசாக்கலையும்தான். அதிலும் கப்பல் ஓடாது.

விஷயம் இதுதான். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, திரும்பச் சென்னை. அதில் பாட்டியை ஏத்திவிட பேரன் காசு சேர்த்திருக்கிறான். பாட்டி எங்க தாத்தாவின் ஒரே தங்கச்சி.

நண்பர்களிடம் சொன்னதும் ஒருத்தன் சிரித்தான். "இங்க ஆயிரம் ரூபா சம்பளத்துக்கே இழுபறி, உனக்கு கேபின் கவலையாடா?" எனக்குக் கோபம் வந்தது. எங்கே உட்காருவது, எங்கே படுப்பது என்று கேட்பது பணக்காரனின் கேள்வி என்று யார் சொன்னது? ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் எங்க அம்மா தினமும் கேட்கிற கேள்விதானே அது.

நோட்டன் பஸ்ஸில் போனவர்களுக்கு விளங்கும். கடைசி சீட்டு பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் நடுவில் இருப்பவர் லேசாக அசைவார், பின்னால் இருப்பவர் தலை கூரையில் முட்டும். வளைவுக்கு வளைவு வாலைச் சுழற்றி அடிக்கும். அதனால்தான் வாந்திக்காரர்கள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், ஜன்னலோரம், கையில் ஒரு தேசிக்காயோடு. (பின் சீட்டு பசங்களுக்கு வாந்தி வராது என்பது அவர்களாகவே பரப்பிய வதந்தி.)

கப்பலும் இதேதான். அலை வந்தால் சீசோ பலகை மாதிரி முன்னும் பின்னும் மாறி மாறி ஏறி இறங்கும். நடுப்பகுதி கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். முன்பக்கம் அலையில் மோதுகிற அடியை நேராக வாங்கும். துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும் அங்கேதான். பின்பக்கத்தில் ப்ரொப்பெல்லரின் அதிர்வு. ஆனால் கப்பல் கிழித்துப்போகும் வெள்ளை நுரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதற்கென்றே பின்பக்கம் எடுப்பவர்கள் உண்டு. உயரம் இன்னொரு கணக்கு. மரத்தின் நுனி ஆடுகிற அளவுக்கு அடி ஆடாது. ஆனாலும் மேல் தட்டுக்குத்தான் விலை கூட. காசைக் கூடக் கொடுத்து கூட ஆடுகிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் ஹம்பாந்தோட்டைப் பக்கம் கடல் சும்மா இருக்காது. அலை பெரும்பாலும் கப்பலின் முகத்துக்கு நேரே வரும். ஆகவே பாட்டிக்கு நடு கேபின், கீழ்த் தட்டு, கட்டாயம் ஜன்னல். ஜன்னல் இல்லாத உள் அறை மலிவு. ஆனால் கண்ணுக்கு அடிவானம் தெரியாவிட்டால் காது ஒன்றைச் சொல்லும், கண் வேறொன்றைச் சொல்லும், வயிறுதான் மாட்டிக்கொள்ளும். உயரத்துக்குக் கொடுக்கிற காசை ஜன்னலுக்குக் கொடு என்று மச்சானுக்கு எழுதினேன்.

கேட்க முடியாதவர்களும் அதே கப்பலில் இருக்கிறார்கள். பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் வேலைக்காரர்களின் அறைகள் அடித்தட்டுகளில், நிறைய முன்பக்கத்தில், ஜன்னல் இல்லாமல், அடுக்குக் கட்டிலோடு இருக்கும். 'கப்பல் வேலை' என்று விண்ணப்பம் நிரப்புகிற நம்ம பசங்க சம்பளத்தோடு இதையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பாட்டியும் ஒருமுறை கப்பலில் போனவர்தான். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. இரண்டு மாசத்துக்குள் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், பிறகு போனவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போனார்கள். பாட்டி போனது 1972இல். இருபது வயசு, கையில் பிள்ளை. புருஷன் வீட்டுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, அண்ணன் வீட்டுக்கு இலங்கை. ஹட்டனில் ஏறிய ரயிலுக்குச் சனங்கள் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. 'ராமானுஜம்' கப்பலில் அவருக்கு யாரும் வரைபடம் காட்டவில்லை. டெக்கில் மூட்டை மேல் உட்கார்ந்தார்களாம். கப்பல் கிளம்பியதும் எல்லாரும் எழுந்து பின்பக்கம் ஓடினார்களாம், தலைமன்னார் மறைகிற வரைக்கும் பார்க்க. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. பாட்டி திரும்பி வரவேயில்லை.

இந்த 2023இலேயே, மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வந்த பாதையைப் பற்றி நிறையப் பேசினோம், நல்லது. திருப்பி அனுப்பிய பாதையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசினோமா?

விமானத்தில் வரலாமே, சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, செலவும் குறைவு. தடுப்பது தாத்தா. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி, ஹஜ் பயணிகளோடு இந்தோனேசியாவிலிருந்து வந்த மார்ட்டின்எயார் விமானம் எங்க ஏழு கன்னி மலையில் மோதியது. 191 பேரும் போனார்கள். அதன் டயர் ஒன்று இன்னும் நோட்டனில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. முன் சீட்டா பின் சீட்டா என்று அங்கே கேட்க ஆளில்லை. "தங்கச்சி பிளேன்ல வர வேணாம்" என்று அன்றைக்கு மலைக்கு ஓடியவர் சொல்லும்போது, புள்ளிவிவரம் எடுத்து வாதாட எனக்கு மனசில்லை.

கப்பல் ஹம்பாந்தோட்டையில் நிற்பது சில மணித்தியாலங்கள்தான். நோட்டனுக்கு வந்துபோக அது பத்தாது. நாங்கள்தான் முதல் நாள் ராத்திரியே வேன் பிடித்து, நுவரெலியா, வெல்லவாய வழியாக இறங்க வேண்டும். தாத்தா இப்போதே நடு சீட்டு கேட்டு வைத்துவிட்டார்.

நடு கேபின் போட்டாச்சு என்று நேற்று மச்சான் வீடியோ கோல் எடுத்தான். பாட்டி ஃபோனைப் பிடுங்கி என்னிடம் கேட்டார்: "அதெல்லாம் கிடக்கட்டும்யா. எந்தப் பக்கம் படுத்தா இலங்கை மொதல்ல தெரியும்?"

முன், பின், மேல், கீழ் எல்லாம் பார்த்த நான் இதைப் பார்க்கவேயில்லை. சென்னையிலிருந்து தெற்கே வருகிற கப்பலுக்கு இலங்கை வலது பக்கம். மச்சான் கேபினை மாற்றிக்கொண்டிருக்கிறான்.