ஸ்டிக்கர் ஒட்டலாம்... எங்கே?



அண்ணனின் மோட்டார் சைக்கிள் சக்கரத்தில், ரிம்மைச் சுற்றி வண்ண ஸ்டிக்கர் மின்னுவதைப் பார்த்ததும், நம் சைக்கிளிலும் ஒட்டலாமே என்று உங்களுக்கு ஆசை வரும். ஆசை தவறில்லை, ஒட்டும் இடம்தான் முக்கியம்.

மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவிலுள்ள டிரம்மில் அல்லது டிஸ்க்கில். அதனால் ரிம்மில் ஒட்டிய ஸ்டிக்கர் பிரேக்கைக் கெடுக்காது. பெரும்பாலான சைக்கிள்களில் அப்படியல்ல. ரப்பர் கட்டைகள் ரிம்மையே அழுத்திப் பிடிக்கின்றன. கட்டை படும் இடத்தில் ஸ்டிக்கர் இருந்தால் வழுக்கும். அவசரத்தில் சைக்கிள் நிற்காது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் அதன்மேல் வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். பிளேடால் சுரண்டாதீர்கள். பசையைப் போக்க எண்ணெய் தடவினால் பிரேக் இன்னும் வழுக்கும். சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்தபின், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள்.

அழகு வேண்டுமா? வெளிச்சம் பட்டால் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கரைப் பின்பக்க மட்கார்டில் ஒட்டுங்கள். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்கள். என்னைக் கேட்டால், அதுதான் அழகான ஸ்டிக்கர்!